இரண்டு வயது இளையவனுக்கு

அன்பு மகன் முத்தையாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கும் கடிதங்களை உனக்கு நாலு வருடமாக எழுதியிருக்கிறேன். பட்டாளத்தில் நீ இருந்தபோது மாதம் இரண்டு, சென்னையில் வேலைக்குப் போன பிறகு மாதம் ஒன்று. அவற்றில் மழை இருக்கும், வைகையில் தண்ணீர் வந்ததா வரவில்லையா என்பது இருக்கும், உன் அம்மாவின் முழங்கால் வலி இருக்கும். ஒரு விஷயம் மட்டும் இருக்காது. இன்று அதைத்தான் எழுதப் போகிறேன். மழையைப் பற்றி வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்.

சமயநல்லூரிலிருந்து, உனக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் தகப்பனார் போன வாரம் வந்திருந்தார். பெண்ணின் சாதகத்தைக் கொடுத்துவிட்டு உன்னுடையதைக் கேட்டார். நல்ல மனிதர், காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி அரைமணி நேரம் காத்திருந்தார். உன் அம்மா உள்ளே போனவள் வெளியே வரவேயில்லை. நான் போய்ப் பார்த்தால், டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். "மொதல்ல பிள்ளைக்கு எழுதுங்க. அவனுக்குத் தெரியாம இத நான் வெளிய எடுக்க மாட்டேன். ஊரான் வாயால அவன் தெரிஞ்சுக்கக் கூடாது" என்றாள். சாவி அவள் இடுப்பில் இருந்தது. வந்தவரிடம், "நாள் நல்லா இல்ல, பத்து நாள் கழிச்சுக் கொடுத்தனுப்புறேன்" என்று ஒரு பொய் சொல்லி அனுப்பினேன். பொய் எனக்குப் பழக்கம்தான். உன் விஷயத்தில் இன்னும் பழக்கம்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சுற்றி வருகிறேன். வாத்தியார் புத்தி, எதையும் வேர்ச்சொல்லில் ஆரம்பித்தால்தான் எனக்கு ஓடும். நான் பத்து வயதில்தான் பள்ளிக்கூடத்தில் கால் வைத்தவன். காளவாசலுக்கு மேற்கே எங்கள் கொல்லையில் மாடு பார்க்க ஆள் வேண்டியிருந்தது, அந்த ஆள் நான். என் தம்பி வளர்ந்து மாட்டுக்கயிற்றை வாங்கிக்கொண்ட பிறகுதான் எனக்குச் சிலேட்டு கிடைத்தது. உயர்நிலைப் பள்ளிக்கு வரும்போது எனக்கு மீசை இருந்தது. கூடப் படித்த பொடியன்கள் என்னை "மாமா" என்றுதான் கூப்பிட்டார்கள். மாமா, பேனா இருக்கா? மாமா, கணக்குப் போட்டாச்சா? அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக இப்போது தோன்றவில்லை. அப்போது ஒவ்வொரு முறையும் காது சுட்டது.

இரண்டாம் மொழிக்குச் சமஸ்கிருதம் எடுக்க ஆசைப்பட்டேன். என்னைப் போன்ற வீட்டுப் பையன்களுக்கு அந்த வகுப்பில் இடமில்லை என்று நாசூக்காகச் சொல்லிவிட்டார்கள். லத்தீன் வகுப்பில் பெஞ்சு காலியாக இருந்தது. நாலு கிறிஸ்தவப் பையன்களும் நானும். முதல் மாதமே யுவெனிஸ் என்ற சொல் வந்தது. இளைஞன் என்று பொருள். இது சமஸ்கிருதத்து யுவன்தான், இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று அகராதியில் பார்த்த அன்றைக்கு எனக்கு வந்த சிரிப்பை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. வாசல் கதவைச் சாத்தினார்கள், நான் கொல்லைப்புறமாக வந்து அதே கூடத்தில் உட்கார்ந்துவிட்டேன். லத்தீனைப் பிடித்துக்கொண்டது அப்படித்தான். நாளடைவில் அதுவே சோறும் ஆயிற்று. மதுரையில் இந்த மொழியைச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவர்களை ஒரு கையால் எண்ணிவிடலாம்.

வயதைக் குறிக்கும் சொற்களைத்தான் நான் ஆசையாகச் சொல்லிக்கொடுப்பேன் என்று உனக்குத் தெரியும், நீயும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவன். குழந்தைக்கு அவர்கள் வைத்த பெயர் இன்ஃபன்ஸ், பேசாதது என்று அர்த்தம். பிறகு புவேர், சிறுவன். அதற்குப் பிறகு அடுலெஸ்கென்ஸ். வளர்ந்துகொண்டிருக்கிறவன், இன்னும் முடியாதவன். அதே வினைச்சொல்லின் இறந்தகாலத்தில் அடுல்டுஸ் என்றால் வளர்ந்து முடித்தவன். வினை ஒன்றுதான், காலம்தான் வேறு. அந்த வினைக்கும் வேர் எங்கே என்று தோண்டிப் போனால் ஊட்டுவது, சோறு போடுவது என்ற சொல்லில் வந்து நிற்கும். யுவெனிஸ் என்பது நாற்பத்தைந்து வயதுவரை நீளும் என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும். "அப்ப எங்க அப்பாவும் யுவன்தானா சார்?" என்று ஒருவன் கேட்பான், வருடா வருடம் ஒருவன் கேட்பான். பன்மை விதி ஒன்று இருக்கிறது, அதற்கு அடங்காத சொற்கள் என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. அதில் அப்பா, அம்மா, சகோதரன், இளைஞன், கிழவன், நாய் எல்லாம் வரும். "ஒரு முழுக் குடும்பமும் இலக்கணத்துக்கு அடங்காமல் திரிகிறது" என்பேன், அதற்கும் சிரிப்பார்கள். உன் அம்மாவுக்குப் பிடித்த லத்தீன் சொல் ஒன்றே ஒன்றுதான். பூபில்லா. சின்னப் பெண்குழந்தை என்று பொருள், கருவிழிக்கும் அதுதான் பெயர். நாம் கண்ணுக்குள் பாப்பா என்று சொல்கிறோம் இல்லையா, அவர்களும் அதையே சொல்லியிருக்கிறார்கள். "அம்புட்டுத் தொலைவுல இருக்குறவனும் பிள்ளையக் கண்ணுக்குள்ளதான் வச்சிருக்கான்" என்றாள். இதைச் சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்பது இனி வரும்.

உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாள் உனக்கு நினைவிருக்காது. சேர்க்கிற முறை தெரியுமே, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் பள்ளிக்கு வயது வந்துவிட்டது, தொடாவிட்டால் அடுத்த வருடம் வா. பிறந்த தேதி எழுதி வைத்திருக்கிற வீடு எத்தனை இருந்தது அப்போது, கைதான் சாட்சி. உனக்கு நாலு வயதுகூட முடியவில்லை. உன் விரல் உச்சந்தலையைத் தாண்டி நெற்றிப்பொட்டுக்கு வந்து நின்றுவிட்டது. நான் உன் தலையை லேசாகச் சாய்த்தேன், தோளை ஒரு அங்குலம் தூக்கிவிட்டேன். விரல் நுனி காதில் பட்டது. "தொட்டுட்டான்" என்றேன். அந்த வருடம் சேர்க்கை ரிஜிஸ்டர் எழுதுகிற வேலை என்னிடம் இருந்தது. அட்சய வருடம் ஆவணியில் பிறந்த உன்னை, ரக்தாட்சி வருடம் ஆவணியில் பிறந்தவன் என்று இரண்டு வருடம் முன்னே தள்ளி என் கையாலேயே எழுதினேன். பின்னால் பெரிய பரீட்சைக்கு வயது போதவில்லை என்று யாரும் நிறுத்திவிடக் கூடாதல்லவா, அதற்காகச் சேர்த்தே யோசித்து எழுதினேன். என் பிள்ளையை எவனும் மாமா என்று கூப்பிடக் கூடாது. எனக்கு இருந்த எண்ணம் அவ்வளவுதான்.

ஆக, முத்தையா, நீ நினைத்துக்கொண்டிருக்கும் வயது உன் வயது இல்லை. உனக்கு இப்போது இருபதுதான். வருகிற ஆவணிக்கு இருபத்தொன்று. பெட்டிக்குள் இருக்கும் சாதகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நம் வீட்டில் பிறந்தநாள் கொண்டாடுகிற பழக்கமில்லை, நட்சத்திரம் வந்தால் கோயிலில் ஒரு அர்ச்சனை, அதோடு சரி. மாதமும் நட்சத்திரமும் உனக்குச் சரியாகவே தெரியும். வருடத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். வாய் திறக்கக் கூடாது என்று உன் அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன்.

உன்னை யாரும் மாமா என்று கூப்பிடவில்லை. "சுண்டைக்கா" என்று கூப்பிட்டார்கள். பந்தாட்டத்தில் எந்தக் கட்சியும் உன்னை எடுக்காது, பந்து பொறுக்கிக் கொடுப்பாய். ஆறாம் வகுப்பில் அழுதுகொண்டு வந்து, "என் கை மட்டும் ஏன்ப்பா சின்னதா இருக்கு?" என்று கேட்டாய். ஒழுங்காகச் சாப்பிடு என்றேன். கணக்கில் நீ தடுமாறியபோதெல்லாம் கவனமில்லாதவன் என்று திட்டினேன், இரண்டு முறை பிரம்பையும் எடுத்தேன். பதினாறு வயதுக்காரன் போடுகிற கணக்கைப் பதினாலு வயதுக்காரன் போட முடியாமல் விழித்தான், அம்புட்டுத்தான் உண்மை. அதை அறிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர், அதில் ஒருவன் கையில் பிரம்பு இருந்தது.

இண்டர்மீடியட்டில் கணக்கில் தவறினாய். யார் முகத்திலும் விழிக்க முடியாமல் இரண்டு வாரம் திரிந்தாய். அப்போதுதான் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதற்காக எங்கள் பள்ளி மைதானத்தில் கூடாரம் போட்டார்கள். என்னிடம் சொல்லாமல் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாய். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின்படி உனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. மறுநாள் காலையில் உன் அம்மா சாதகத்தை மஞ்சள் நூலால் கட்டி என் சட்டைப்பையில் வைத்தாள். "காட்டுங்க. பிள்ளைக்குப் பதினாறுதான்னு சொல்லுங்க. உங்க வேலை போனாப் போகுது, மேக்க நெலம் இருக்கு, கஞ்சி குடிச்சுக்கிருவோம்" என்றாள். சரி என்று சொல்லித்தான் போனேன். போகிற வழியெல்லாம் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன்.

நீ வரிசையில் நின்றாய். மேசைக்குப் பின்னால் வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்து நாற்காலியில் எங்கள் ஹெட்மாஸ்டர். அதிகாரி உன் முகத்தைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மறுபடியும் உன் முகத்தைப் பார்த்தார். உன் மேலுதட்டில் ஒரு முடி இல்லை. என்னைக் கூப்பிட்டு, "இவன் உம் மகனா? பதினெட்டு ஆகிவிட்டதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஹெட்மாஸ்டர் என்னைக் காட்டி, "இவர் எங்கள் லத்தீன் ஆசிரியர்" என்று பெருமையாகச் சொன்னார். அதிகாரி சிரித்துவிட்டு, "ஆசிரியர் என்றால் உம் வார்த்தை போதும்" என்றார். முத்தையா, பையில் அந்தக் காகிதம் என் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. எடுத்தால் ரிஜிஸ்டரை வரவழைப்பார்கள், அதில் இருப்பது என் கையெழுத்து. ஹெட்மாஸ்டரின் முகம் எப்படி மாறும் என்று நினைத்தேன். பொய்யெழுத்துக்காரன் என்று நாலு பேர் சொல்வதை நினைத்தேன். நீ சுடப்பட்டுச் சாகலாம் என்பதை அந்த நேரத்தில் நான் நினைக்கவே இல்லை. "ஆகிவிட்டது" என்றேன். நீ என்னைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தாய், அப்பா தடுக்கவில்லையே என்று.

வீட்டுக்கு வந்ததும், "காட்டுனீங்களா?" என்றாள் உன் அம்மா. "காட்டுனேன், ஒத்துக்கல" என்றேன். அவள் என் பையிலிருந்து சாதகத்தை எடுத்தாள். மஞ்சள் நூலில் அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அந்த முடிச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு பெட்டியில் வைத்துப் பூட்டினாள். நீ திரும்பி வரும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குச் சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், சட்டையைத் துவைத்துப் போட்டாள். அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்து மட்டும் பேசவில்லை. நானும் அதன் பிறகு வகுப்பில் அடுலெஸ்கென்ஸ் பாடத்தைப் பையன்களே வாசித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ உயிரோடு வந்தாய். அது என் புண்ணியம் இல்லை, உன் அம்மா மீனாட்சி சன்னதியில் வைத்துவிட்டு வந்த கண்ணீருக்குக் கிடைத்தது. வந்த ஏழாம் நாள் காலை, கிணற்றடியில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தாய். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். திரும்பாமலேயே நீ சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து மனப்பாடம்.

"எங்க கூட ராமுன்னு ஒருத்தன் இருந்தான்ப்பா, திண்டுக்கல் பக்கம். என்னை அண்ணே அண்ணேன்னுதான் கூப்பிடுவான். படிப்பு வராது, அவங்க அம்மா கடுதாசிய நான்தான் வாசிச்சுக் காட்டுவேன். பங்குனியோட உனக்குப் பத்தொம்போது முடியுது, திரும்பி வந்ததும் கல்யாணம்னு எழுதியிருந்தாங்க. எனக்கு இருவது, அதனால நான்தான் பெரியவன். குண்டு விழுந்து டெலிபோன் கம்பி அறுந்தா, அத ஒட்டப் பெரியவன்தான் மொதல்ல போகணும்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். 'நீ படுண்ணே, நான் போயிட்டு வாரேன்'னான். வரல."

கத்தியைக் கழுவிவிட்டு, "பெரியவன் நான் படுத்துக்கிட்டுச் சின்னவன அனுப்பிட்டேன்ப்பா" என்றாய்.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கிணற்றடியில், பல்பொடி வாயோடு, சொல்லியிருக்க வேண்டும். "யுத்தம்னா அப்படித்தான்" என்று சொல்லி வாயைக் கொப்பளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். நீ அதற்குப் பிறகு ராமுவின் பெயரை எடுக்கவில்லை. மாதம் பிறந்ததும் உன் சம்பளத்தில் ஒரு பங்கு திண்டுக்கல்லுக்குப் போகிறது என்பதை உன் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பெண் பார்க்கலாமா என்று கேட்டால், "எனக்கெதுக்கு, அவனுக்குத்தான் ஆகல" என்று அவளிடம் சொன்னாயாம். அதையும் அவள் போன வாரம்தான் சொன்னாள், பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, நாலு வருடத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு.

நேற்றுக் காலை முதல் மணி அடிப்பதற்கு முன்னால் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன். அதே மனிதர்தான், இந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறார். எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னைக்கு நானும் அங்கதானே உக்காந்திருந்தேன் சார்" என்றார். ஆமாம் என்றேன். "ரிஜிஸ்டர்ல நாம கை வைக்க முடியாது, மேல எழுதணும். எழுதுனா உங்க வேலை என்னாகும்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டார். எழுதிக் கொண்டுபோயிருந்த கடிதத்தை அவர் மேசையில் வைத்தேன். பிறகு வகுப்புக்குப் போய் அடுலெஸ்கென்ஸ் பாடத்தை நானே நடத்தினேன். இனி என்ன ஆகும் என்று தெரியவில்லை. மேற்கே நிலம் இருக்கிறது, உன் அம்மா அன்றே சொன்னாள்.

கல்யாணத்தைப் பற்றி நீதான் முடிவு சொல்ல வேண்டும். சமயநல்லூர்ப் பெண்ணுக்குப் பத்தொன்பது, உனக்கு இருபது. பொருத்தம் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்களோ, என் கண்ணுக்கு நல்ல வயதாகத்தான் தெரிகிறது. வேண்டாம் என்றாலும் சரி, இன்னும் இரண்டு வருடம் போகட்டும் என்றாலும் சரி, அந்த இரண்டு வருடத்தைக் கேட்கிற உரிமை உனக்கு முழுதாக உண்டு. உன் காலத்தை உனக்காக நான் ஒருமுறை முடிவு செய்துவிட்டேன், மறுபடியும் செய்ய மாட்டேன். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, பள்ளிக்கூட வாசலில் அவன் கை காதைத் தொடவில்லை என்றால், திரும்ப வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. இதுதான் நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்திமதி, வேறு புத்திமதி சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் உன் அம்மாவுக்கு எழுது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். நீ திட்டி எழுதினால் ஒரு சொல் விடாமல் வாசிப்பேன்.

சாதகத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நூலை உன் அம்மாதான் அவிழ்த்தாள். வருடத்தைப் பார்த்து நீயே எண்ணிக்கொள். ராமுவுக்கு அந்தப் பங்குனியில் பத்தொன்பது முடிந்தது. உனக்குப் பதினெட்டுதான். அவன் இல்லாத துக்கம் உன்னுடையது, அதை நான் வாங்கிக்கொள்ள முடியாது. குற்றம் மட்டும் உன்னுடையது இல்லை, அதை என்னிடம் கொடுத்துவிடு. பெரியவன் முதலில் போக வேண்டும் என்றுதானே உங்களுக்குள் பேச்சு? அன்றைக்குப் பெரியவன்தான் போனான், முத்தையா. காய்ச்சலில் கிடந்த தம்பியைப் படுக்கச் சொல்லிவிட்டு, அண்ணன் போனான்.

உன் அப்பா